குதிரைவீரனின் கண்கள்

அன்புள்ள மகளுக்கு,

குட்டி உருவங்களுக்கு வண்ணம் பூசும் அந்த மினியேச்சர் வகுப்பின் ஆறாம் வாரத்துக்குப் பிறகு உன்னிடமிருந்து படம் எதுவும் வரவில்லை. வேலை அதிகமாக இருக்கும் என்று உன் அம்மாவிடம் நானே சொன்னேன். அவளும் ஆமாம் என்றாள். இருவருமே அதை நம்பவில்லை.

கடைசியாக வந்த குதிரைவீரனைக் கைபேசியில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேலங்கியின் மடிப்புகளுக்குள் வாஷ் என்று நீ சொல்லும் நீர்த்த வண்ணம் இறங்கிக் கருநீலமாகத் தங்கியிருக்க, மடிப்பின் விளிம்பில் மட்டும் மயிரிழை போல வெளிர்நீலம் ஓடியிருந்தது. முதல் வாரத்தில் நீ பூசியபோது வண்ணம் திட்டுத் திட்டாகப் படிந்து, சங்கிலிக் கவசத்தின் வளையங்களையே மூடிவிட்டது நினைவிருக்கிறதா? தண்ணீர் கலந்து மெல்லியதாக இரண்டு பூச்சு, முதல் பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்தது என்று உன் ஆசிரியை சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டாய். சித்தியிடமும் காட்டினேன், பொம்மை என்று சொல்லாமல், நீ திருத்தியபடி சிற்றுருவம் என்றே சொன்னேன்.

கண்களை மட்டும் ஏன் வரையாமல் விட்டாய்? 28 மில்லிமீட்டர் உருவத்தில் கண் ஒரு மில்லிமீட்டர்கூட இராது என்பது எனக்கும் தெரியும். ஒருநாள் தொலைபேசியில் கை நடுங்குகிறது அப்பா என்று சொல்லிவிட்டு, உடனே பேச்சை மாற்றினாய். முழங்கைகளை மேசையில் ஊன்றி, மணிக்கட்டுகள் இரண்டையும் ஒன்றோடொன்று சேர்த்து வைத்துக்கொண்டால் நடுக்கம் குறையும். உருவத்தை வெறும் விரலால் பிடிக்காமல் ஒரு கட்டையில் ஒட்டிப் பிடித்துக்கொள். புள்ளி கோணலாக விழுந்தாலும் தோல் நிறத்தால் சுற்றித் திருத்திவிடலாம். நன்றாகத் தூங்குகிறாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

தூரிகையை வாயில் வைக்காதே. நுனியைக் கூராக்க உதட்டில் வைத்து இழுக்கும் பழக்கம் உனக்குச் சிறுவயதிலேயே உண்டு. வீடியோவில் இப்போதும் பார்த்தேன். 1920களில் அமெரிக்காவில் கடிகார முகப்புகளுக்குக் கதிர்வீச்சுள்ள ரேடியம் வண்ணம் பூசிய இளம்பெண்களுக்கு அப்படித்தான் கற்றுக்கொடுத்திருந்தார்கள். தாடை எலும்பு அரித்துப் பலர் இறந்துபோனார்கள். உன் அக்ரிலிக்கில் ரேடியம் இல்லைதான், ஆனாலும் சில நிறமிகளில் காட்மியமும் கோபால்ட்டும் உண்டு. ஈரத்தாளில் மெல்ல உருட்டி எடுத்தாலே கூர் வந்துவிடும். வண்ணத்தைத் தூரிகையின் உலோகப் பூண் வரை ஏறவிடாதே. ஏறினால் மயிர் விரிந்துபோகும், கை தானாக நுனியை வாய்க்குக் கொண்டுபோகும்.

அந்தப் பச்சை டப்பா வீடு மாற்றும்போது தொலைந்தது என்றே இத்தனை ஆண்டுகளாக நினைத்துக்கொண்டிருக்கிறாய். அது தொலையவில்லையம்மா. தேர்வு நெருங்குகிறது, இது கண்ணெதிரே இருந்தால் நீ படிக்க மாட்டாய் என்று நான்தான் குப்பையில் போட்டேன். திறந்து பார்த்துவிட்டுத்தான் போட்டேன். உள்ளே பதினொரு உருவங்கள் இருந்தன. அன்று காலையிலும் நீ வண்ணம் பூசியிருக்கிறாய் போலும். ஒன்றின் சிவப்பு என் கட்டைவிரலில் ஒட்டியது. அதைக் கழுவிவிட்டு வந்து, நீ அழுதுகொண்டே பெட்டி பெட்டியாகப் பிரித்துத் தேடியபோது நானும் உன்னோடு உட்கார்ந்து தேடினேன். இந்த வகுப்பில் சேர்ந்ததாக நீ சொன்ன அன்று, இதற்கெல்லாம் பணம் கட்ட வேண்டுமா என்று கேட்டவனும் நான்தான். மறுமுனையில் நீ சற்று நேரம் பேசாமல் இருந்தாய்.

வகுப்பு முடிய இன்னும் இரண்டு வாரம் இருப்பதாகக் கணக்கு வைத்திருக்கிறேன். இடையில் நிறுத்தியிருந்தாலும் சொல், ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். குதிரைவீரனுக்குக் கண் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, இப்போது எப்படி இருக்கிறானோ அப்படியே படம் எடுத்து அனுப்பு. அவனைப் பிடித்திருக்கும் உன் கையும் அதில் தெரியட்டும். தூரிகை வாய்க்குப் போக வேண்டாம்.

அன்புடன்,
அப்பா