வாரத்துல மூணு நாளா சுருங்கிப்போன தீப்பெட்டி வேலை: கோவில்பட்டி வட்டாரப் பெண்கள் கோரிக்கை மனு

பெறுநர்: மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், தூத்துக்குடி.
அனுப்புநர்: கோவில்பட்டி சுத்துப்பட்டு கிராமங்கள்ல தீப்பெட்டி வேலை பாக்குற பெண்கள்.
பொருள்: வேலை நாள் குறைஞ்சுபோனவங்கள கணக்கெடுக்கவும், எங்க வயசுக்கும் நேரத்துக்கும் தோதா பயிற்சியும் பஸ்ஸும் ஏற்பாடு பண்ணவும் வேண்டி.

ஐயா, வணக்கம்.

எங்க பக்கம் ஃபேக்டரின்னு யாரும் சொல்றதில்ல, தீப்பெட்டி ஆபீஸ்னுதான் பேரு. எல்லாருக்காகவும் இத எழுதுற எனக்கு 43 வயசு, 15 வயசுல ஆபீஸுக்குப் போனேன், அதுக்கு முன்னாடியே வீட்டுல எங்கம்மா பக்கத்துல உக்காந்து பெட்டி ஒட்டிருக்கேன். இது கரிசக்காடு ஐயா, மானாவாரி பூமி, மழை பேஞ்சாத்தான் உளுந்து, பாசி, மக்காச்சோளம், இப்ப அறுப்புக்கும் மெஷின் வந்துருச்சு. அதனால எங்க ஊருப் பொம்பளைகளுக்கு வருசம் பூரா கையில காசு வந்தது தீப்பெட்டிலதான்.

அந்த வேலை ஒரே நாள்ல போயிருந்தா நாங்களும் ஒரு நாள்ல திரண்டு வந்து மனு கொடுத்திருப்போம், பேப்பர்லயும் வந்திருக்கும். ஆனா எங்க ஆபீஸ் பூட்டல, கேட்டு தெறந்துதான் இருக்கு, வேலைதான் ஆறு நாள் அஞ்சாச்சு, அஞ்சு நாலாச்சு, இப்ப மூணு நாள், மழை மாசத்துல குச்சி காயலன்னா ரெண்டு நாள். கேட்டா லோடு போகலன்னு சொல்றாங்க, சொல்றது பொய்யில்ல, குடோன்ல பண்டல் அடுக்கிக் கெடக்குறத நாங்களே பாக்குறோம். பூட்டாத ஆபீஸ்ல வேலை இல்லாம இருக்கிறவங்கள யாரும் வேலை போனவங்கன்னு எழுதிக்கிறதில்ல, எங்க முதல் குறையே இதுதான்.

காரணம் ஒண்ணு ரெண்டு இல்ல. ஃபுல் ஆட்டோமேட்டிக் மெஷின் வந்துச்சு, மருந்து முக்குறதுலருந்து பெட்டி அடைக்கிறது வரைக்கும் அதுவே பாத்துக்குது. முன்ன கைத்தீப்பெட்டிக்கு ஜிஎஸ்டி 5 பெர்சன்ட், மத்ததுக்கு 18னு இருந்துச்சு, 2020 ஏப்ரல்ல எல்லாத்துக்கும் 12னு ஒண்ணாக்குனாங்க, கையில செய்றதுக்கு இருந்த கொஞ்சநஞ்ச சலுகையும் அதோட போச்சு. 14 வருசமா 1 ரூவா வித்த பெட்டி, 2021 டிசம்பர்லதான் 2 ரூவாயாச்சு. அப்ப பெட்டிக்கு 36 குச்சின்னு இருந்தது 50 ஆச்சு. அடைக்கிறப்ப நாங்க எண்ண மாட்டோம் ஐயா, ஒரு பிடி எடுத்தா 36 சரியா வரும், அத்தன வருசம் பழகின கை. 50க்குப் பிடி மாத்தப் பத்துப் பதினஞ்சு நாள் ஆச்சு, ஆனா மாத்திட்டோம். எங்களுக்குப் புது வேலை கத்துக்க வராதுன்னு யாராவது சொன்னா இதத்தான் நெனச்சுப் பாக்கச் சொல்லுவேன்.

அதுக்கப்புறம் லைட்டர். 10 ரூவா லைட்டர் ஒண்ணு 20 தீப்பெட்டிய அடிச்சிருதுன்னு சொல்றாங்க. 2023 ஜூன்ல 20 ரூவாய்க்கு கீழ உள்ள லைட்டர வெளிநாட்டுலருந்து கொண்டு வரக்கூடாதுன்னு மத்திய அரசு தடை போட்டப்ப எங்க ஆபீஸ்ல மிட்டாய் கொடுத்தாங்க, 2024ல உதிரிபாகத்துக்கும் கட்டுப்பாடு வந்துச்சு. நல்லதுதான், ஆனா பெட்டிக்கடையில லைட்டர் தொங்கிட்டுத்தான் இருக்கு, ஜனங்க கையும் லைட்டருக்குப் பழகிருச்சு. தீப்பெட்டி பழையபடி ஓடும்னு சொல்லி எங்கள இன்னும் பத்து வருசம் காக்க வைக்க வேண்டாம்.

ஒரு விசயத்த அதிகாரிக கவனிச்சிருக்க மாட்டாங்க, அத வெவரமா சொல்றேன். எங்க கூலில சந்தா பிடிக்கிற தொழிலாளர் காப்பீடு ஈஎஸ்ஐ-ல, உடம்பு சரியில்லாத நாளுக்குச் சம்பளப் பணம் வாங்கணும்னா ஆறு மாசத்துல 78 நாள் சந்தா கட்டிருக்கணும். ஆறு மாசத்துக்கு 26 வாரம், வாரம் மூணு நாள்னா 78. ஒரு நாள் கோயில் கொடைக்கு லீவு போட்டாலோ ஒரு நாள் மழை பேஞ்சாலோ 77, அம்புட்டுத்தான், ஒண்ணும் கிடையாது. என்கூட வேலை பாக்குற அக்கா ஒருத்திக்கு கர்ப்பப்பை ஆபரேஷன் ஆகி மூணு வாரம் படுத்திருந்தாங்க, அவங்களுக்கு வந்திருந்தது 71 நாள். 20 வருசமா சந்தா பிடிச்சாங்க, ஆனா அந்த மூணு வாரம் கந்துவட்டி வாங்கித்தான் கழிஞ்சுச்சு. வேலை குறைஞ்சது அவங்க தப்பா ஐயா?

புதுசா கம்பெனிக வருது, தெரியும். தூத்துக்குடி பக்கம் சிலாநத்தம் சிப்காட் தொழிற்பேட்டைல வின்ஃபாஸ்ட் கார் கம்பெனி 2025 ஆகஸ்ட்ல தெறந்தாச்சு, எங்க புள்ளைகளுக்கு இதெல்லாம் கிடைக்கணும்னு மனசார ஆசைப்படுறோம். ஆனா எங்களுக்கு? கோவில்பட்டில நடந்த ஒரு வேலைவாய்ப்பு முகாமுக்கு நாங்க ஒம்போது பேர் ஒரு நாள் கூலிய விட்டுட்டுப் போனோம். ஒரு கம்பெனி டேபிள்ல இருந்த தம்பி ஆதார வாங்கிப் பாத்துட்டு, 28க்கு மேல எடுக்கிறதில்லக்கான்னு மரியாதையாத்தான் சொன்னாரு, அடுத்த டேபிள்லயும் அதே பதில். தீன்தயாள் திறன் பயிற்சித் திட்டத்துல பொம்பளைகளுக்கு 45 வயசு வரைக்கும் இடம் இருக்குன்னு மகளிர் குழு மீட்டிங்ல சொன்னாங்க, ஆனா அந்த வயசுல யாரையும் எங்க பக்கத்துலருந்து கூட்டிட்டுப் போனதா நாங்க பாக்கல.

வேலை இருக்கிற ஊருக்குப் போக வேண்டியதுதானன்னு கேக்கலாம். போக முடிஞ்சவங்க போயிட்டாங்க, வயசுப் புள்ளைக திருப்பூருக்கு, ஆம்பளைக சென்னைக்கும் கேரளாவுக்கும். மாமியாரையும் மாட்டையும் படிக்கிற புள்ளையையும் வச்சுக்கிட்டு ஊர்ல நிக்கிறது நாங்கதான். தூத்துக்குடிக்கு 60 கிலோமீட்டர், காலையில 6 மணி ஷிப்டுக்கு வேன் பிடிக்கணும்னா நாலு மணிக்கு இருட்டுல மெயின் ரோட்டுக்கு நடக்கணும். விடியல் பயணத்துல டவுன் பஸ் இலவசம், பெரிய உதவி, அத மறக்க மாட்டோம், அத வச்சுத்தான் எங்கள்ல சில பேர் கோவில்பட்டில ஜவுளிக்கடைக்குப் போறாங்க. ஆனா கடை சாத்த ராத்திரி ஒம்பதரை ஆகுது, கடைசி பஸ் 8:40க்குப் போயிருது.

நாங்க கேக்குறது இதுதான் ஐயா. விஏஓ வழியாவோ மகளிர் குழு வழியாவோ ஒவ்வொரு ஊர்லயும், போன ஆறு மாசத்துல யாருக்கு எத்தன நாள் வேலை இருந்துச்சுன்னு எழுதிக்கிடணும், சாயந்தரம் ஆறு மணிக்கு மேல வந்தா எல்லாரும் இருப்போம். அந்த லிஸ்ட்ட வச்சு 78 நாள் கணக்க தீப்பெட்டித் தொழிலாளிகளுக்குக் குறைக்கச் சொல்லி ஈஎஸ்ஐ-க்கு உங்க ஆபீஸ்லருந்து சிபாரிசு கடிதம் போகணும். பயிற்சிய எங்க ஊர் சமுதாயக்கூடத்துல, காலை பத்துலருந்து மூணு மணிக்குள்ள நடத்தணும், நடக்கிற நாளுக்குப் படி கொடுக்கணும், இல்லன்னா யாரும் வர முடியாது. கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020ல புவிசார் குறியீடு கிடைச்சிருக்கு, அதுல பேக்கிங் வேலை எங்க கைக்கு ஒரு வாரத்துல வந்துரும். வேலைவாய்ப்பு முகாமுக்கு வர்ற கம்பெனிகள்ல 45 வயசு வரைக்கும் எடுக்கிறவங்களுக்குன்னு தனி டேபிள் போடச் சொல்லுங்க. கடைசி டவுன் பஸ்ஸ பத்து மணிக்கு ஆக்குங்க. இந்த ஒண்ணு மட்டும் இந்த மாசமே நடந்தாலும் எங்க ஊர்ல ஏழு பேருக்கு வேலை நிலைக்கும்.

இத்தோட 64 பேர் கையெழுத்து, அதுல 11 கைநாட்டு, அந்த அக்காவோட ஈஎஸ்ஐ கார்டு ஜெராக்ஸ், எங்க ஆறு மாச வருகைச் சீட்டு ஜெராக்ஸ் எல்லாம் இணைச்சிருக்கோம்.

இப்படிக்கு,
கோவில்பட்டி வட்டாரத் தீப்பெட்டித் தொழிலாளர் பெண்கள்