மூன்றாம் வகுப்பு முடிவதற்குள்: பள்ளிக் கல்வித் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறையின் மதிப்புக்குரிய செயலாளர், தொடக்கக் கல்வி இயக்குநர், மாவட்ட, வட்டாரக் கல்வி அலுவலர்கள் அனைவருக்கும் வணக்கம்.

அரசுத் தொடக்கப் பள்ளிகளில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்ற நான், இப்போது மாலை வேளைகளில் எங்கள் ஊர் நூலகத்தில், வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகளோடு உட்கார்ந்து படித்து வருகிறேன். பெரும்பாலோர் நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள். கேட்ட கதையை அழகாகத் திருப்பிச் சொல்வார்கள், கடைக்கணக்கை மனத்திலேயே போடுவார்கள். ஆனால் அச்சிலுள்ள நான்கு வரியைப் படிக்கச் சொன்னால் முகம் வாடிவிடும். இத்தகைய பிள்ளைகளை இரண்டாம் வகுப்பிலேயே கண்டறிந்து, மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் அவர்களுக்கென்று அன்றாடம் தனி நேரம் ஒதுக்கிக் கற்பிக்க வேண்டும் என்பதே இம்மடலின் கோரிக்கை.

கொரோனாக் காலக் கற்றல் இழப்பை ஈடுசெய்ய 2022 ஜூனில் நீங்கள் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தை நான் மனமார வரவேற்றவன். அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை அவரவர் நிலைக்கேற்பப் பிரித்துக் கற்பித்ததும், பின்னர் வந்த வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று படிப்படியாகச் சிறு நூல்களைக் கையில் கொடுத்ததும் நல்ல பணிகள். ஆயினும் ஒரு பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது என்பதைச் சொல்லும் இந்தப் பிரிவுகள், அது ஏன் அந்த நிலையிலேயே நிற்கிறது என்பதைச் சொல்வதில்லை. பெற்றோர் கரும்பு வெட்டப் போன ஊர்களுக்கெல்லாம் கூடவே போய்ப் பள்ளிக்கு வராமல் இருந்த பிள்ளையும், நாள் தவறாமல் வந்தும் எழுத்து மனத்தில் நிற்காத பிள்ளையும் ஒரே அரும்பு வட்டத்தில்தான் அமர்கிறார்கள். முதல் பிள்ளை சில மாதங்களில் எழுந்துவிடும். இரண்டாவது பிள்ளைக்கு டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புக் குறைபாடு இருக்கக்கூடும். அதற்கு அதே பாடத்தை அதே முறையில் மீண்டும் நடத்துவதால் பயன் விளையாது. இக்குறைபாடு அறிவுக் குறைவால் வருவதன்று. பேச்சொலிகளைப் பகுத்து எழுத்தோடு இணைப்பதில் மூளைக்கு உள்ள சிரமம் அது. குடும்ப வழியாகவும் வரும்.

தமிழில் இச்சிரமம் எப்படி வெளிப்படுகிறது என்பதை ஆசிரியர் பயிற்சிகளில் விரிவாகச் சொல்லித்தர வேண்டும். 'கொ' என்பதில் ககரத்துக்குப் பின்னால் ஒலிக்க வேண்டிய உயிரின் குறி, எழுத்துக்கு முன்னும் பின்னுமாகப் பிரிந்து நிற்கிறது. இடமிருந்து வலமாகப் படிக்கக் கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளையின் கண்ணில் முதலில் படுவது கடைசியில் ஒலிக்க வேண்டிய பகுதி. துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோல் தோன்றுகின்றன. ஔகாரக் குறியின் பின்பாதி ளகரமாகவே தெரிகிறது. கு, சு, டு, து என்று உகரம் ஏறும்போது ஒவ்வொரு எழுத்தும் ஒவ்வொரு விதமாக வளைகிறது. தங்கம், பகல், கடல் ஆகிய மூன்றிலும் ககரம் ஒன்றுதான், ஒலி மூன்று. இவற்றோடு, வீட்டில் 'அம்மா கடைக்குப் போனாங்க' என்று பேசும் பிள்ளை, புத்தகத்தில் 'அம்மா கடைக்குச் சென்றார்' என்ற வரியைச் சந்திக்கும்போது, தான் ஒருநாளும் சொல்லிப் பழகாத சொல்லை எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டியிருக்கிறது. மற்றப் பிள்ளைகள் ஓரிரு ஆண்டுகளில் இவற்றையெல்லாம் கடந்துவிடுகிறார்கள். குறைபாடுள்ள பிள்ளை ஒவ்வொன்றிலும் தனித்தனியாகத் தடுக்கி விழுகிறது.

இதை வகுப்பறையில் காண்பது எளிதன்று, ஏனெனில் இப்பிள்ளைகள் நினைவாற்றலால் ஈடுகட்டிவிடுகிறார்கள். நூலகத்துக்கு வந்த நான்காம் வகுப்புச் சிறுவன் ஒருவன் பாடநூலிலிருந்து ஒரு பத்தியைத் தங்குதடையின்றிச் சொன்னான். விரலும் வரிகளின்மேல் ஒழுங்காக நகர்ந்தது. ஆனால் வாய் 'மரத்தடியில்' என்றபோது விரல் 'பறவைகள்' என்ற சொல்லின்மேல் நின்றது. நடுவிலிருந்த 'கிளை' என்ற சொல்லைத் தொட்டுக்காட்டி இது என்ன என்று கேட்டேன். பத்தியை முதலிலிருந்து உதட்டுக்குள் முணுமுணுத்துக்கொண்டே வந்து, 'இலை' என்றான். அவன் வகுப்பில் வாசிப்புக்கு நல்ல மதிப்பெண் பெற்று வந்தவன். பொருளில்லாத ஓர் எழுத்துக் கோவையை, 'தகிமு' என்றோ 'பொலேனு' என்றோ எழுதிப் படிக்கச் சொல்லியிருந்தால் இது இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்திருக்கும். நினைவிலிருந்து ஒப்பிக்க முடியாத ஒன்றைப் படிக்கவைத்து, ஒவ்வொரு பிள்ளையையும் தனியே அழைத்து ஐந்து நிமிடம் காது கொடுத்துக் கேட்பதை, 1 முதல் 3 வகுப்புகளில் பருவத்துக்கு ஒருமுறை கட்டாயமாக்க வேண்டுகிறேன். அதற்கும் முன்னதாகக் கண்பார்வையும் செவித்திறனும் சோதிக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கண்டறிந்த பின் செய்ய வேண்டியது பெரிய செலவு பிடிக்கும் வேலையன்று. மூன்று நான்கு பிள்ளைகள், நாள்தோறும் இருபது நிமிடம், ஒரே ஆசிரியர். முதலில் காதுக்குப் பயிற்சி: 'கடல்' என்பதில் 'க'வை எடுத்துவிட்டு 'ம' போட்டால் என்ன, 'உ' போட்டால் என்ன என்று வாய்மொழியாகவே விளையாட வேண்டும். பிறகு க் + இ = கி என்று ஒலியைச் சேர்த்துக்காட்டி, ஒரு நேரத்தில் ஒரே உயிர்க்குறியை மட்டும் எடுத்துக்கொண்டு, மணலில் விரலால் எழுதியபடியே உரக்கச் சொல்லப் பழக்கலாம். ண, ன, ந போன்றவற்றை ஒரே வாரத்தில் அடுத்தடுத்துக் கற்பிப்பதைத் தவிர்க்க வேண்டும். பிள்ளை தன் பேச்சில் சொல்லும் வாக்கியத்தை அப்படியே எழுதிக்கொடுத்து அதைப் படிக்கவைத்தால், எழுத்தில் இருப்பது தான் பேசுவதே என்பது அதற்குப் புரிகிறது. ஒரு சிறு பத்தியை ஆசிரியர் ஒருமுறை, இருவரும் சேர்ந்து ஒருமுறை, பிள்ளை தனியாக ஒருமுறை என்று படிப்பது வேகத்தைக் கூட்டும். பத்து முறை எழுதிவரச் சொல்வதில் எனக்கு நம்பிக்கையில்லை. முத்துமுத்தாகப் பார்த்து எழுதிவிட்டு, எழுதியது என்னவென்று சொல்லத் தெரியாத பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். முன்தயாரிப்பு இல்லாமல் வகுப்பின் முன் நிறுத்தி வாசிக்கச் சொல்வதைத் துறையே தடைசெய்ய வேண்டும். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அந்த வெட்கம் ஆறுவதற்கு ஆண்டுகள் ஆகும்.

இருபது நிமிடம் எங்கே இருக்கிறது என்று ஆசிரியர்கள் கேட்பார்கள், அக்கேள்வி நியாயமானது. ஈராசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்புகளை இருவர் பகிர்ந்துகொண்டு, இடையில் கைபேசிச் செயலியில் மதிப்பீடுகளைப் பதிவேற்றிக்கொண்டும் இருக்கிறார்கள். பதிவேற்ற வேண்டியவற்றைக் குறைத்தால் அந்த நேரமே பெருமளவு கிடைத்துவிடும் என்பது என் கருத்து. வட்டார வள மையங்களில் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கென உள்ள சிறப்பாசிரியர்கள் பல பள்ளிகளுக்குச் சுழன்று போக வேண்டியிருப்பதால், எப்போதேனும் வந்து போகிறவர்களாகவே இருக்கிறார்கள். அவர்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதோடு, வகுப்பாசிரியரே அன்றாடப் பயிற்சியை நடத்தவும், சிறப்பாசிரியர் அவருக்கு வழிகாட்டவும் ஏற்ற வகையில் பணிப்பங்கீட்டை மாற்றியமைக்கலாம்.

மாற்றுத்திறனாளிகளுக்கான 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம்பெறாத, டிஸ்லெக்சியாவை உள்ளடக்கிய கற்றல் குறைபாடு, 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 குறைபாட்டு வகைகளில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டுள்ளது. பொதுத்தேர்வில் இப்பிள்ளைகளுக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகளைத் தேர்வுத் துறையும் வழங்குகிறது. ஆனால் நான் கண்டவரை, பள்ளிகளுக்கு இது நினைவுக்கு வருவது பத்தாம் வகுப்பில்தான். தமிழ் வாசிக்க முறையாகக் கற்றுத்தரப்படாத பிள்ளைக்குப் பத்தாண்டுகள் கழித்து மொழிப்பாடத்திலிருந்து விலக்கு அளிப்பதை உதவி என்று ஏற்க என் மனம் ஒப்பவில்லை. குறைபாட்டை உறுதிசெய்யும் சான்றிதழ் 8 வயதுக்குப் பிறகே தரப்படும் என்பதைக் காரணம் காட்டி அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். இருபது நிமிடப் பயிற்சிக்கு எந்தச் சான்றிதழும் தேவையில்லை.

வரும் கல்வியாண்டுக்கான ஆசிரியர் பயிற்சி அட்டவணையைத் தயாரிக்கும்போது, ஒரு முழு நாளை இதற்கென ஒதுக்குங்கள். அன்று ஆசிரியர்கள் பிள்ளைகளின் வாசிப்பை நேரில் கேட்டு, எந்த எழுத்தில், எந்தக் குறியில் தடுமாற்றம் வருகிறது என்று குறித்துப் பழகட்டும். நூலகத்துக்கு வரும் பிள்ளைகளின் வாசிப்புப் பிழைகளை நான் எழுதி வைத்திருக்கிறேன்; வட்டார வள மையங்கள் கேட்டால், பெயர்களை நீக்கிப் படியெடுத்துத் தரவும், பயிற்சி நாளில் வந்து உட்காரவும் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொடக்கப் பள்ளி ஆசிரியர் ஒருவர்