ஜிந்தான் மானிஸ் கேட்ட அம்மாவுக்கும் என் முதல் நாளில் துணைநின்ற அனைவருக்கும்

சிங்கப்பூரின் தோ பாயோவில் எங்கள் அடுக்குமாடிப் புளோக்கின் கீழே இருக்கும் மளிகைக் கடையின் முதலாளி அண்ணனுக்கும் அண்ணிக்கும், அடுத்த கடையில் பழம் விற்கும் ஆன்ட்டிக்கும், 2025 மார்ச் 8ஆம் தேதி சனிக்கிழமை அந்தக் கடைக்கு வந்துபோன வாடிக்கையாளர்களுக்கும் என் பணிவான வணக்கம்.

அன்றுதான் நான் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். படுத்த படுக்கையாக இருந்த மாமியாரை 11 ஆண்டுகள் கவனித்துக்கொண்டு, அவர் காலமான பிறகு 53 வயதில் வேலை தேடியபோது, கேட்ட இரண்டு இடங்களிலும் அனுபவம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். "எங்க கடையில எந்தச் சாமான் எங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரியாததா? திங்கட்கிழமை வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும், நாளைக்கே வாங்க" என்று அழைத்தவர் அண்ணன்.

காலையில் நல்ல கூட்டம். மலாய்க்கார அம்மா ஒருவர் 100 கிராம் ஜிந்தான் மானிஸ் கேட்டார். ஜிந்தான் என்றால் சீரகம் என்பது எனக்குத் தெரியும். பின்னால் வந்த சொல்லைக் காதில் வாங்காமல் சீரகத்தை நிறுத்துப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டேன். பிற்பகல் மூன்று மணி வெயிலில் அவர் அதே பொட்டலத்துடன் திரும்பி வந்தார். அது நோன்பு மாதத்தின் முதல் வாரம். தண்ணீர்கூடக் குடிக்காத ஒருவரை என் கவனக்குறைவால் இரண்டாம் முறை நடக்க வைத்துவிட்டேன் என்பது உறைத்ததும் எனக்கு வாயடைத்துப்போனது.

அவரோ ஒரு சொல்லும் கடிந்து பேசவில்லை. என் இடக்கையில் ஒரு சிட்டிகை சீரகத்தை வைத்தார். சோம்பு டப்பாவை எடுக்கச் சொல்லி, அதிலிருந்து ஒரு சிட்டிகையை வலக்கையில் வைத்தார். ஒன்று மெலிந்து பழுப்பாக இருந்தது, மற்றொன்று சற்றே பருத்துப் பச்சை படர்ந்திருந்தது. நோன்பில் இருந்ததால் அவர் வாயில் போட்டுப் பார்க்கவில்லை. முகர்ந்து காட்டி, "இது பூத்தே, இது மானிஸ்" என்றார். மலாயில் பூத்தே என்றால் வெள்ளை, மானிஸ் என்றால் இனிப்பு. நாம் பெருஞ்சீரகம் என்பதை அவர்கள் இனிப்புச் சீரகம் என்கிறார்கள். இரண்டு மொழியுமே சோம்பைச் சீரகத்தின் உறவாகத்தான் பார்த்திருக்கின்றன என்பதை இத்தனை ஆண்டுகள் இந்த ஊரில் வாழ்ந்தும் அன்றுதான் அறிந்தேன். கொத்தமல்லிக்குக் கெத்தும்பார், வெந்தயத்துக்கு ஹல்பா என்று மேலும் சிலவற்றைச் சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் அவர் கிளம்பினார். அண்ணி அந்தப் பெயர்களை எல்லாம் தமிழில் எழுதி டப்பாக்களில் ஒட்டினார். அவை இன்றும் அங்கே இருக்கின்றன.

மாலையில் மேல்மாடிப் பாட்டி ஒருவர் 13 வெள்ளி 60 காசுக்குச் சாமான் வாங்கிவிட்டுச் சமூக மேம்பாட்டு மன்றத்தின் (சிடிசி) பற்றுச்சீட்டுக்காகக் கைப்பேசியை என்னிடம் நீட்டினார். அந்த ஜனவரியில் ஒவ்வொரு சிங்கப்பூர்க் குடும்பத்துக்கும் வழங்கிய 300 வெள்ளிப் பற்றுச்சீட்டுகளில் பாதியை எங்களைப் போன்ற அக்கம்பக்கக் கடைகளிலும் உணவங்காடிகளிலும் செலவிட முடிந்தது. ஆனால் பாட்டிக்கும் எனக்கும் அது புதிது. வரிசையில் நின்ற மாணவி முன்னால் வந்து, பற்றுச்சீட்டுக்கு மீதிக் காசு கிடைக்காது என்பதால் 10 வெள்ளியிலும் 2 வெள்ளியிலும் ஒவ்வொன்றைத் தேர்ந்தெடுத்து, மிச்சம் 1 வெள்ளி 60 காசை ரொக்கமாகக் கொடுக்கலாம் என்று பாட்டிக்குப் பொறுமையாக விளக்கினார். அந்த விளக்கத்தை நானும் கேட்டுக் கற்றுக்கொண்டேன் என்பது அந்தத் தங்கைக்குத் தெரிந்திருக்காது. பின்னால் காத்திருந்தவர்களில் ஒருவரும் முணுமுணுக்கவில்லை. அவர்களுக்கும் என் நன்றி. கூட்டம் கலைந்ததும் கோப்பியும் ஒரு முக்காலியும் கொண்டுவந்து வைத்து, "பெலான் பெலான்" (மெதுவாக, மெதுவாக) என்று என் தோளைத் தட்டிய பழக்கடை ஆன்ட்டியை நான் மறக்கவே முடியாது.

கடை மூடும் வேளையில் அண்ணன் கடன் கணக்கு எழுதும் 555 புத்தகத்தை என்னிடம் கொடுத்தார். சம்பளம் வரும்வரை பொறுக்கச் சொல்லும் சில வீடுகளுக்காக அதை அவர் இன்னும் வைத்திருக்கிறார். "இதுல இருக்குற பேரை மட்டும் யார் முன்னாலயும் சத்தமாப் படிக்காதீங்க" என்றார். அன்று அவர் எனக்கு இட்ட ஒரே கட்டளை அதுதான். சனிக்கிழமை தவறாமல் ரொட்டி வாங்கும் சீனத் தாத்தா அன்று வரவில்லை என்பதைக் கவனித்து, ஒரு ரொட்டியுடன் என்னை அவர் வீட்டுக்கு அனுப்பியதும் அண்ணன்தான். முழங்கால் வலியால் கீழே இறங்க முடியாமல் இருந்த அவர் கதவைத் திறந்து, கடையின் பெயரைச் சொன்னதும் சிரித்தார். அண்ணா, பிழை செய்த முதல் நாளிலேயே என்னை நம்பி அந்தப் புத்தகத்தையும் அந்த வீட்டையும் ஒப்படைத்தீர்கள். அதற்கான நன்றியைச் சொல்ல எனக்கு ஓர் ஆண்டு ஆகிவிட்டது.

இந்த ஆண்டு நோன்பு தொடங்கிய பிறகு அந்த மலாய்க்கார அம்மா கடைக்கு வந்து, 200 கிராம் ஜிந்தான் மானிஸ் கேட்டார். நிறுப்பதற்கு முன் டப்பாவைத் திறந்து அவரிடம் நீட்டினேன். அவர் முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையசைத்தார். தெரிமா காசி, நன்றி, அம்மா.

நன்றியுடன்,
மளிகைக் கடை அக்கா
தோ பாயோ