விளக்கெண்ணெய் வாசனையும் வெலிங்டன் ப்ளேனும்

பாப்பா,

நீ அனுப்புன போட்டோ வந்துச்சு. ஆபீஸ் ஆளுங்களோட இங்கிலாந்துல அந்த சில்வர்ஸ்டோன் கார் ரேஸ் ட்ராக் முன்னாடி நிக்கிற, கீழ "ஒரே காத்துப்பா, வேற ஒன்னும் இல்ல"ன்னு போட்டிருக்க. கண்ணு, அந்த ஊர்ல காத்து எந்தப் பக்கம் அடிக்கும்னு பார்த்துத்தான் ரன்வேயே போட்டாங்க.

1943ல அது குண்டு போடுற ப்ளேன் ஓட்டப் பசங்களுக்கு ட்ரெயினிங் குடுத்த இடம். ப்ளேன் எதிர்காத்துலதான் ஏறணும் எறங்கணும், அதனால காத்து எப்படித் திரும்புனாலும் ஒன்னு தோதா இருக்கட்டும்னு மூணு ரன்வேய முக்கோணமா போட்டான். ஓட்டுனது வெலிங்டன் ப்ளேன். உங்கப்பன் மெக்கானிக் புத்தியில சொல்றேன், அது உடம்பு நம்ம ஊர்ல மூங்கில் கூடை முடையுற மாதிரி, அலுமினியப் பட்டைய குறுக்கும் மறுக்கும் பின்னி மேல துணி சுத்துனது, அடிபட்டு ஒரு பக்கம் பிய்ஞ்சாலும் மிச்சம் தாங்கும். ஆனா பசங்க தாங்கல. இங்கிலீஷ்காரன் குண்டுப் படையில மொத்தம் செத்தவங்க 55,000க்கு மேல, அதுல 5,000க்கு மேல ட்ரெயினிங்லயே போனவங்க. எல்லாம் உன் வயசைவிடச் சின்னப் பசங்க.

சண்டை முடிஞ்சு ரன்வே சும்மா கிடக்கு, 1947ல சில ஃப்ரெண்ட்ஸ் கார எடுத்துட்டுப் போயி யாருக்கும் தெரியாம ரேஸ் விட்டிருக்கானுங்க, ஒருத்தன் ஆட்டு மேல ஏத்திட்டான், ஆடும் போச்சு காரும் போச்சு. மறு வருசம் முறையாவே ரேஸ் நடந்துச்சு. வைக்கோல் கட்டு, ஆயில் ட்ரம்ம வெச்சு வழி காட்டியிருக்காங்க, ரன்வே சந்திக்கிற இடத்துல ரெண்டு பக்கத்துல இருந்தும் கார் நேருக்கு நேர் வந்து திரும்பணும், டிரைவர் மிரளக்கூடாதுன்னு நடுவுல படுதா கட்டி மறைச்சிருக்காங்க. நம்ம கோயில்ல திரை போடுற மாதிரி நெனச்சுக்க! 1950 மே 13 உலக சாம்பியன்ஷிப்போட மொத ஃபார்முலா ஒன் ரேஸும் அங்கதான், ராஜாவே வந்து பார்த்தாரு.

இதெல்லாம் உங்கப்பனுக்கு எப்படித் தெரியும்னு கேப்ப. நம்மகிட்டயும் ஒன்னு இருந்துச்சு, சோழவரம். மெட்ராஸ்ல இருந்து செங்குன்றம் தாண்டி. 1942ல ஜப்பான்காரன் வர்றான்னு மெட்ராஸ்ல பாதி சனம் ஊரக் காலி பண்ணிட்டு ஓடுச்சுன்னு உங்க தாத்தா சொல்வாரு, அந்தச் சண்டைக் காலத்து ரன்வே அது. அப்புறம் அதுலயும் ரேஸ்தான். 1990ல இருங்காட்டுக்கோட்டையில தனி ட்ராக் வந்த பிறகுதான் அங்க ஓய்ஞ்சுது.

1986ல நான் போனேன். கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம் ஒர்க்‌ஷாப்ல வேலை கத்துக்கிட்டிருந்தேன், ஓசூர்ல கம்பெனி இன்டர்வியூன்னு வீட்ல பொய் சொல்லிட்டு, ஆயா கொட்டமுத்து, அதான் விளக்கெண்ணெய் எடுக்கிற ஆமணக்கு விதை, அத வித்து டப்பாவுல வெச்சிருந்த காச எடுத்துக்கிட்டு நைட் பஸ் ஏறிட்டேன். ஒரு கயிறுதான் நமக்கும் ட்ராக்குக்கும் நடுவுல. கோயம்புத்தூர் கரிவர்தன் அப்ப பெரிய பேரு, எந்தக் கார்ல வந்தாருன்னு கூட இப்ப மறந்துடுச்சு, சத்தியமா சொல்றேன், மறக்காம இருக்கிறது வாசனைதான். ரேஸ் வண்டி எஞ்சின் ஆயில்ல விளக்கெண்ணெய் கலந்திருப்பாங்க, சூட்டுக்குத் தாங்கும். வண்டி போன பிறகு அந்தப் புகை அப்படியே நிக்கும், மூக்குல இழுத்தா எங்க ஆயா வெள்ளிக்கிழமை என்னப் புடிச்சு வெச்சு வாயில ஊத்துற அதே வாசனை! திருடுன காசும் கொட்டமுத்துக் காசு. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு, பாதியிலயே கெளம்பிட்டேன்.

திரும்பி வந்து, இன்டர்வியூ என்னாச்சுன்னு கேட்டதுக்கு ஆள் எடுத்து முடிச்சிட்டாங்கன்னு சொன்னேன். ஆயா ஒன்னும் கேக்கல, என் சட்டைய தொவைக்க எடுத்தவ ஒரு தடவ முகர்ந்து பார்த்துட்டு வாளியில போட்டா.

நீ நிக்கிற ட்ராக்ல வெலிங்டன் ஸ்ட்ரெயிட்னு ஒன்னு இருக்கு, அந்தப் ப்ளேன் பேருதான். அடுத்த வாட்டி போனா அங்க நின்னு ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, உன் மூஞ்சி இல்லாம தரைய மட்டும். பழைய வண்டி ஏதாச்சும் ஓட்டுனானுங்கன்னா புகை வாசனை வருதான்னும் பாரு.

உங்கம்மா முருங்கைக்கீரைப் பொடி பார்சல் பண்ணியிருக்கா. அவகிட்ட அந்த டப்பாக் காசு விசயம் சொல்லிடாத, அத்தை பொண்ணுங்கறதால அவளும் அப்ப இந்த வீட்லதான் இருந்தா, இன்னைக்கும் நான் இன்டர்வியூ போனேன்னுதான் நெனச்சிட்டிருக்கா.

அப்பா