ஹாலோ-ஹாலோவைக் கடைசியில் கேள்: டாவோ போகும் கயலுக்கு

அன்புள்ள கயல்,

மருத்துவம் படிக்க பிலிப்பைன்ஸின் டாவோ நகருக்குப் போகிறாய். விடுதிச் சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல உனக்கு நிறைய சீனியர்கள் இருப்பார்கள். நான் எழுதுவது பிற்பகல் மூன்று மணியைப் பற்றி. மதியச் சாப்பாட்டுக்கும் ராத்திரிச் சாப்பாட்டுக்கும் நடுவே அங்கே 'மெரியெண்டா' என்று ஒரு சின்ன வேளை உண்டு. அதற்கென்றே இருக்கும் சிறு கடைகளுக்குள் நுழைகிற புதியவர்கள், படத்தில் அழகாக இருக்கிறதே என்று ஹாலோ-ஹாலோ என்ற ஐஸ் இனிப்பை முதலில் கேட்டுவிடுகிறார்கள். ஓர் உயரக் கோப்பை ஐஸும் பாலும் உள்ளே போனால் நாக்கு மரத்துவிடும். பிறகு எது வந்தாலும் வெறும் இனிப்புதான்.

கலமான்சி ஜூஸில் தொடங்கு. கலமான்சி கோலிக்குண்டை விடக் கொஞ்சம் பெரிய எலுமிச்சை. ஒரு கிளாஸுக்கு எட்டு, பத்து பழம் பிடிக்கும். காம்புப் பக்கம் மேலாக நறுக்கி, விதை வெட்டுப்படாமல், வடிகட்டிமேல் மெதுவாகப் பிழிய வேண்டும். விதை வெட்டுப்பட்டாலும் தோலைக் கசக்கினாலும் கசப்பு இறங்கிவிடும். ஜாடியில் நெடுநேரம் நின்றதும் கசக்கும். உன் கண் முன்னால் பிழிந்தால் வாங்கு.

அடுத்து பசிக்கு ஏதாவது. பான்சித் பலாபோக் என்பது அரிசிச் சேமியாவின் மேல் ஊற்றிய இறால் குழம்பு. அதன் ஆரஞ்சு நிறம் ஜாப்ரா (அன்னாட்டோ) என்ற சாய விதையில் வருகிறது. சோளமாவு போட்டுக் கெட்டியாக்கிய குழம்பு என்பதால் ஆறினால் பசை மாதிரி இறுகிவிடும். வந்த உடனே கலமான்சி பிழிந்து அடிவரை கிளறு. மேலே தூவியிருக்கும் மொறுமொறுப்பு பன்றித்தோல்; வேண்டாமென்றால் முன்கூட்டியே சொல். மழை நாளில் அர்ரோஸ் கால்டோ நல்லது: இஞ்சி தூக்கலான கோழிக் கஞ்சி, மேலே வறுத்த பூண்டு, அவித்த முட்டை.

ஆனால் டாவோவில் நீ தவறவிடக் கூடாத சிற்றுண்டி புட்டோ மாயாவும் சிக்வாத்தேவும்தான். நாட்டின் நடுவே இருக்கும் விசாயா தீவுகளிலும், டாவோ இருக்கும் தெற்குத் தீவான மிண்டனாவோவிலும் இதைப் பெரும்பாலும் காலையில் சந்தைக் கடைகளில் சாப்பிடுகிறார்கள். ஊறவைத்த ஒட்டரிசியை முதலில் ஆவியில் வேகவைத்து, தேங்காய்ப்பால், இஞ்சி, உப்பு, கொஞ்சம் சர்க்கரை கலந்து, மறுபடி ஆவியில் வைப்பார்கள். தண்ணீரில் போட்டு வேகவைத்தால் குழைந்து கூழாகிவிடும். நல்ல புட்டோ மாயாவில் பருக்கை பருக்கையாகத் தெரியும், ஆனாலும் ஒட்டிக்கொண்டிருக்கும். சிக்வாத்தே என்பது கெட்டி சாக்லேட் பானம். வறுத்தரைத்த கொக்கோவைத் தட்டி வைத்த 'தப்லேயா' வில்லைகளைக் கொதிநீரில் கரைத்து, நம் மத்து மாதிரியான மரக்கோலால் நுரை வரக் கடைவார்கள். அடியில் கொஞ்சம் வண்டல் நிற்பது இயல்பு. கடையாமல் கொடுத்தால் கொழுப்பு மேலே மினுமினுவென்று பிரிந்து நிற்கும். பழுத்த மாம்பழத் துண்டும் கூட வரும். சோற்றை ஒரு வாய், மாம்பழம் ஒரு கடி, பிறகு சிக்வாத்தே. 2021-இல் சட்டமே போட்டு டாவோவை நாட்டின் சாக்லேட் தலைநகரம் என்று அறிவித்தார்கள். அந்த ஊரில் பாக்கெட் தூளைக் கரைத்துக் கொடுக்கிற கடைக்கு நீ இரண்டாம் முறை போக வேண்டியதில்லை.

துரோன் கேட்டால் எப்போது பொரித்தது என்று கேட்டுக்கொள். சபா வாழைப்பழத்தை நீளவாக்கில் பிளந்து, பழுப்புச் சர்க்கரையில் புரட்டி, ஒரு பலாச்சுளைக் கீற்றோடு மெல்லிய மாவுத் தாளில் சுற்றி, சர்க்கரை தூவிய எண்ணெயில் பொரிப்பது. சர்க்கரை பாகாகி ஓடு மாதிரி ஒட்டிக்கொள்ளும். தீ அதிகமானால் பழம் சூடேறும் முன் பாகு கருகிக் கசக்கும். காகிதத்தில் வைத்தால் காகிதமே ஒட்டிக்கொள்ளும். விவரம் தெரிந்தவர்கள் கம்பித்தட்டில்தான் ஆறவைப்பார்கள். ஒரு மணி நேரம் கழிந்தால் உள்ளே இருக்கும் பழத்தின் ஈரத்தில் தாள் நமத்துவிடும்.

பிகோ என்ற ஒட்டரிசி இனிப்பில் ஒரு சொல் சிக்கல் இருக்கிறது. மணிலாவில் 'லாதிக்' என்றால் தேங்காய்ப்பால் காய்ந்து எண்ணெய் பிரிந்தபின் மிஞ்சும் பொன்னிறக் கசடு. விசாயா மொழி பேசும் டாவோவில் அதே சொல் தேங்காய்ப்பால் பாகைக் குறிக்கும். கசடை எதிர்பார்த்துக் கேட்டுப் பாகு வந்தால் சண்டை போடாதே.

இனி ஹாலோ-ஹாலோ. இரண்டு பேருக்கு ஒன்று போதும். அந்தப் பெயருக்கே 'கலந்து கலந்து' என்று பொருள். அடியில் சர்க்கரையில் ஊறிய பயறு, சபா வாழை, பலா, நாட்டா தே கோகோ என்ற தேங்காய்த்தண்ணீர் ஜெல்லி, கடற்பாசி ஜெல்லி, ஜவ்வரிசி. நடுவில் சீவிய ஐஸ். அதன்மேல் சுண்டிய பால். உச்சியில் லெச்சே ஃப்ளான் என்ற முட்டை-பால் புட்டிங், உபே என்ற கிழங்கு இனிப்பு, வறுத்த அவல். கடையின் தரம் ஐஸில் தெரியும். பூப்போலச் சீவியிருந்தால் பாலை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். கட்டி கட்டியாக இருந்தால் பால் நேரே அடிக்குப் போய்விடும், உனக்குத் தண்ணீர்தான் மிஞ்சும். பயறைக் கடித்துப் பார். வேகும் முன்னே சர்க்கரை போட்டிருந்தால் தோல் விறைத்திருக்கும். நீளக் கரண்டியை அடிவரை விட்டு மேலே தூக்கிக் கலக்கு. அவலை மட்டும் ஓரமாக ஒதுக்கிவைத்து, கடைசி வாய்களில் சேர்த்துக்கொள்.

அந்த ஊதா நிற உபே நமக்கு அந்நியமில்லை. யாழ்ப்பாணத்தில் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் சேர்த்துக் கஞ்சியாகக் காய்ச்சும் ராசவள்ளிக் கிழங்கும் இதுவும் ஒரே இனம். மசித்த கிழங்கைப் பாலும் வெண்ணெயும் விட்டு, அல்வா மாதிரி சட்டியில் ஒட்டாமல் திரளும்வரை கிண்டுவார்கள். கிழங்கின் உண்மையான நிறம் சற்று மங்கல். கண்ணைப் பறிக்கும் ஊதாவாக இருந்தால் எசென்ஸ் கலந்திருக்கலாம். வாயில் வைத்தால் லேசாக நறநறவென்று கிழங்கு தட்டுப்பட வேண்டும்.

உன்னோடு வரும் சைவத் தோழிக்கு ஒரு எச்சரிக்கை: காய்கறி என்று எழுதியிருந்தாலும் மீன் சாறோ இறால் விழுதோ உள்ளே இருக்கலாம். அவளுக்குப் புட்டோ மாயா, துரோன், பிகோ போதும். துரோன் பொரித்த எண்ணெயில் வேறு என்ன பொரித்தார்கள் என்று மட்டும் கேட்கச் சொல். பன்றி வேண்டாமென்றால் 'வாலாய் பாபோய்' என்று சொல். பரிமாறுகிற பெண்ணை 'ஆத்தே' என்று கூப்பிடு, ஆணை 'குயா' என்று. அக்கா, அண்ணன் என்றுதான் அர்த்தம். உனக்கு அது சுலபமாகவே வரும்.

அன்புடன்,
அக்கா