உன் பேத்தி சொன்னதைப் பற்றி

சாட்ஸ்வர்த்,
டர்பன்.

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி தணிந்து நீ மறுபடியும் கோயிலுக்கு நடந்து போய்வருகிறாய் என்று படித்து மகிழ்ந்தேன். இங்கு அனைவரும் நலம். ஆனால் உன் 14 வயதுப் பேத்தி, "உடற்பயிற்சியெல்லாம் எனக்கு வராது பாட்டி, பெரியவளானாலும் செய்யமாட்டேன்" என்று சொல்லிவிட்டதாக எழுதியிருந்தாயே, அந்த வரி என் மனத்தை விட்டு அகலவில்லை.

கோயில் மண்டபத்தில் நான் நடத்தும் தமிழ் வகுப்புப் பிள்ளைகளும் இப்படித்தான் பேசுகிறார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2016-ஆம் ஆண்டுத் தரவுகளைக் கொண்டு கணித்தபோது, உலகெங்கும் பள்ளி செல்லும் 11 முதல் 17 வயது வரையுள்ளோரில் நூற்றுக்கு 81 பேர் நாளொன்றுக்கு ஒரு மணி நேரம்கூடச் சுறுசுறுப்பாக உடலை அசைப்பதில்லை என்று தெரியவந்தது. இதைச் சோம்பல் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. ஹேசல் மார்கஸ், பவுலா நியூரியஸ் என்னும் உளவியலாளர்கள் 1986-இல் எழுதியதுபோல, நாம் யாராக ஆகக்கூடும், யாராக ஆகிவிடுவோமோ என்று மனத்துக்குள் வைத்திருக்கும் உருவங்களே இன்றைய நம் செயல்களைத் தூண்டுகின்றன. உன் பேத்தியின் மனத்தில் பயிற்சி செய்யும் பெண்ணின் உருவமே இல்லை. இல்லாத ஒருத்தியாக அவள் எப்படி வளர்வாள்?

அந்த உருவம் அவள் தன் உடலை அறியும் விதத்திலிருந்தே பிறக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். பருவ வயதில் உடல் மாறும்போது, கண்ணாடியும் கைப்பேசிப் படங்களும் உறவினரின் பேச்சும் அவளைத் தன்னையே வெளியிலிருந்து பார்க்கப் பழக்குகின்றன. உளவியலாளர்கள் பார்பரா ஃபிரெட்ரிக்சனும் டோமி-ஆன் ராபர்ட்ஸும் 1997-இல் சுட்டிக்காட்டியது இதைத்தான்: தோற்றத்தை ஓயாமல் கவனிக்கும் பெண்ணுக்கு இதயத் துடிப்பு, பசி, களைப்பு முதலிய, உடலுக்குள் எழும் உணர்வுகளைக் கவனிப்பது கடினமாகிவிடுகிறது. அப்படிப்பட்டவளுக்கு விளையாட்டு மைதானம் பிறர் கண்களுக்கு முன் நிற்கும் இடமாகவே தெரியும். மூச்சு வாங்குவது உடல் வேலை செய்வதன் அடையாளம் என்று அறியாமல், தன் இயலாமைக்குச் சான்று என்று எண்ணிக்கொள்வாள்.

இதற்கு மாறாக, தைப்பூசத்தில் காவடி எடுக்கும் எங்கள் வகுப்புப் பையன் ஒருவனைச் சொல்ல வேண்டும். தோளில் பாரம் எங்கே அழுத்துகிறது, எப்போது அடியைச் சுருக்க வேண்டும், எந்த மூச்சில் இளைப்பாற வேண்டும் என்றெல்லாம் அவன் நுட்பமாக விவரிக்கிறான். ஆயினும் தன்னை உடல்வலு உள்ளவனாக அவன் ஒருபோதும் எண்ணியதில்லை. உடலை உணர்வது மட்டும் போதாது. அந்த உணர்வுக்குப் பெரியவர்கள் மதிப்புக் கொடுத்துப் பேசவும் வேண்டும். நம் இளமையை நினைத்துப் பார். 1921-இல் தொடங்கிய, நம் தென்னாப்பிரிக்காவின் நெடுந்தூரப் பந்தயமான காம்ரேட்ஸ் ஓட்டம் கறுப்பினத்தவருக்கும் நம் இந்திய வம்சாவளியினருக்கும் பெண்களுக்கும் முறைப்படி திறக்கப்பட்டது 1975-இல்தான். அதுவரை நம் தெருப் பெண் ஒருத்தி தன்னை ஓட்டக்காரியாகக் கனவு காண இடமே இருக்கவில்லையே!

ஆகவே, அவளை எடை பார்க்கும் கருவியில் ஏற்றாதே. நம் சமூகத்தில் சர்க்கரை நோய் மிகுதி என்பது உண்மைதான். ஆனால் அச்சம் மட்டும் காட்டினால் அவள் விலகித்தான் போவாள். உன்னோடு நடக்க அழைத்துப் போ. மணிக்கட்டில் நாடியைத் தொட்டு, நடக்குமுன் எப்படி இருந்தது, மேடேறிய பின் எப்படி இருக்கிறது என்று அவளையே சொல்லச் சொல். விரைவையோ தூரத்தையோ கேட்காதே.

ஜூலை விடுமுறையில் அவளை இங்கே அனுப்பி வைக்க இயலுமா? அங்கே உங்கள் ஜோகன்னஸ்பர்க் குளிருக்கு டர்பன் கடற்கரை எவ்வளவோ மேல். காலையில் இருவரும் நடப்போம். அவளுக்கு நீந்தத் தெரியுமா என்பதையும் மறக்காமல் எழுது.

என்றும் உன் அன்புத் தோழி