வாசகர் வட்டச் செயலாளரின் ஆண்டறிக்கை: பழைய குறிப்பேடுகளும் ஒரு ஸ்கேனரும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நூலகர் அவர்களே, வட்டத்தின் அன்பு உறுப்பினர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

கடந்த ஓராண்டின் வேலைகளை உங்கள் முன் வைக்கிறேன். ஐப்பசி மழையில் ஒரு கூட்டம் தள்ளிப்போனது தவிர மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வார விழாவில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கதை வாசித்தோம். ஏப்ரல் 23, உலகப் புத்தக நாளன்று உறுப்பினர்கள் தங்களுக்குப் பிடித்த ஒரு நூலைப் பற்றிப் பேசினார்கள். இந்த ஆண்டு மூத்த உறுப்பினர்கள் இருவரை இழந்தோம். அவர்கள் உட்காரும் முன்வரிசை நாற்காலிகளைப் பார்க்கும்போது இன்னும் மனம் கனக்கிறது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார்.

நான் விரிவாகச் சொல்ல வேண்டியது நம் பழைய குறிப்பேடுகளைப் பற்றி.

அடைமழையில் நூலகத்தின் பின்னறைச் சுவரில் தண்ணீர் இறங்கியது உங்களுக்குத் தெரியும். மர அலமாரியைத் திறந்தபோது கீழ்த்தட்டில் இருந்த இரண்டு கூட்டக் குறிப்பேடுகளின் ஓரத்தைக் கரையான் தின்றிருந்தது. மேல்தட்டில் இருந்தவை தப்பின, ஆனால் மை ஊறிப் பின்பக்கம் தெரிந்தது. மைப்பேனாவில் எழுதிய பக்கங்கள் அவை. யார் என்ன பேசினார்கள், எந்த நூல் வாங்கத் தீர்மானம் போட்டார்கள், சந்தாவை உயர்த்த யார் ஒத்துக்கொள்ளவில்லை என்பதெல்லாம் அந்தக் கையெழுத்தில் இருக்கிறது. வேறெங்கும் இதற்கு நகல் இல்லை. அன்றே செயற்குழுவைக் கூட்டி, எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து வைப்பது என்று முடிவெடுத்தோம்.

கடையில் கொடுத்துச் செய்யலாமா என்று விசாரித்தோம். தைத்த நோட்டைப் பிரித்துத் தாளாகக் கொடுத்தால்தான் வேகமாக முடியும் என்றார்கள். அதற்கு எனக்கு மனம் வரவில்லை. அப்போதுதான் நம் உறுப்பினர் ஒருவர் வீட்டில் சும்மா கிடந்த கேனான் லைட் 110 ஸ்கேனரைக் கொண்டுவந்து கொடுத்தார். மெலிந்த, ஒரு கையில் தூக்கக்கூடிய தட்டை ஸ்கேனர். வட்டத்துக்கென்று கணினி கிடையாது, அதனால் என் வீட்டுக் கணினியில் மாட்டுவது என்று ஆனது. அது பழைய கணினி, விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளம் போட்டதால்தான் இன்னும் ஓடுகிறது.

மாட்டினேன். ஸ்கேன் செய்யும் நிரலைத் திறந்தேன். ஸ்கேனர் எதுவும் கிடைக்கவில்லை என்றது. வயரைப் பிடுங்கி மாட்டினேன், கணினியை அணைத்துப் போட்டேன், அதே பதில்தான். இரண்டு ஞாயிற்றுக்கிழமை இப்படியே போயின. ஸ்கேனர் பழுதாகிவிட்டது, வேறு வாங்க வேண்டும் என்று பொருளாளரிடம் சொல்லியும் விட்டேன்.

கூட்டங்களில் கடைசி வரிசையில் உட்காருவாரே, பாலிடெக்னிக் படிக்கும் தம்பி, அவர்தான் வீட்டுக்கு வந்து பார்த்தார். அவர் பார்த்த முறையை இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதற்கப்புறம் உறுப்பினர்கள் வீட்டில் இருந்த வேறு இரண்டு ஸ்கேனர்களையும் அதே முறையில்தான் ஓட வைத்தோம்.

லினக்ஸில் நாம் திறக்கும் நிரல் ஸ்கேனரோடு நேராகப் பேசுவதில்லை. நடுவில் சேன் என்ற பொதுவான அமைப்பு இருக்கிறது. ஸ்கேனர் ஆக்சஸ் நவ் ஈசி என்பதன் முதலெழுத்துகள் அவை. அதற்குள் ஒவ்வொரு வகை ஸ்கேனருக்கும் தனித்தனிப் பகுதி, அதைப் பேக்எண்ட் என்கிறார்கள். லைட் 110-க்கு உரியது ஜெனிசிஸ் என்ற பேக்எண்ட். பெட்டியின் மேல் அச்சிட்ட பெயரை விட உள்ளே இருக்கும் சில்லுதான் இங்கே கணக்கு. லைட் வரிசையிலேயே பழைய 25 என்ற மாதிரி பிளஸ்டெக் என்ற வேறு பேக்எண்டில் ஓடுகிறது. ஆகவே கண்ணாடிக்கும் திரைக்கும் நடுவே வயர், யுஎஸ்பி, பேக்எண்ட், அனுமதி, நிரல் என்று பல கண்ணிகள். எந்தக் கண்ணி அறுந்தாலும் திரையில் வருவது ஒரே வாசகம்தான்: ஸ்கேனர் கிடைக்கவில்லை. நான் அந்த வாசகத்தை நம்பி, சாதனமே போய்விட்டது என்று நினைத்துவிட்டேன்.

தம்பி முதலில், கட்டளைகளை எழுத்தில் அடிக்கும் டெர்மினல் என்ற சாளரத்தைத் திறந்து எல்எஸ்யுஎஸ்பி என்ற கட்டளையை அடித்தார். யுஎஸ்பியில் என்னென்ன மாட்டியிருக்கிறது என்று காட்டும் கட்டளை அது. பட்டியலில் 04ஏ9:1909 என்று ஒரு வரி வந்தது. முன்பகுதி தயாரிப்பாளர் எண், பின்பகுதி மாதிரி எண். "சார், ஸ்கேனர் உயிரோடுதான் இருக்கு. கம்ப்யூட்டருக்கு அது நல்லாத் தெரியுது" என்றார். எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

அடுத்தது ஸ்கேன்இமேஜ் என்ற கட்டளை. அதன் பின்னால் ஒரு சின்னக் கோடும் பெரிய எல் எழுத்தும் சேர்த்தால், சேன் அமைப்புக்குத் தெரிந்த ஸ்கேனர்களை அது பட்டியலிடும். ஒன்றுமில்லை என்றது. அதே கட்டளையை சூடோ போட்டு, அதாவது நிர்வாகி அதிகாரத்தோடு அடித்தார். உடனே ஜெனிசிஸ் என்று தொடங்கி ஸ்கேனரின் பெயர் வந்துவிட்டது! நிர்வாகிக்குத் தெரிகிறது, சாதாரணப் பயனருக்குத் தெரியவில்லை என்றால் சிக்கல் அனுமதியில் என்று பொருள். மாட்டும் சாதனத்தை யார் பயன்படுத்தலாம் என்று சொல்லும் யுடெவ் விதிகள் சேனோடு வருகின்றன; அவை, யுஎஸ்பியில் மாட்டும் ஸ்கேனரை 'ஸ்கேனர்' என்ற பயனர் குழுவின் பொறுப்பில் விடுகின்றன. வட்டத்தின் வேலைக்கென்று என் கணினியில் தனியாக ஒரு பயனர் கணக்குத் தொடங்கியிருந்தேன், அந்தக் கணக்கு அந்தக் குழுவில் இல்லை. யூசர்மாட் கட்டளையால் அதைக் குழுவில் சேர்த்தார். சேர்த்தவுடன் வேலை செய்யாது, கணக்கிலிருந்து வெளியேறி மறுபடி உள்ளே வர வேண்டும். பலர் இந்த இடத்தில்தான் சோர்ந்துபோகிறார்கள் என்று நினைக்கிறேன். வெளியேறி உள்ளே வந்து நிரலைத் திறந்தோம். ஸ்கேனரின் விளக்கு கண்ணாடிக்கு அடியில் மெதுவாக நகர்ந்தது. பக்கத்தில் நின்ற என் மனைவி கை தட்டினார்.

எப்போதும் நிர்வாகியாகவே ஸ்கேன் செய்தால் என்ன என்று ஓர் உறுப்பினர் பின்னர் கேட்டார். செய்யக் கூடாது. கோப்புகளெல்லாம் நிர்வாகியின் பெயரில் போய் உட்காரும், அப்புறம் பெயர் மாற்றக்கூட மல்லுக்கட்ட வேண்டும். தவறுதலாக எதையாவது அழித்தால் கணினியே படுத்துவிடும்.

மறுவாரம் இன்னொரு தொல்லை. முதல் பக்கம் வந்தது, இரண்டாம் பக்கத்தில் பாதியில் நின்றது. இதற்குக் காரணம் நான்தான். மேசையில் வசதியாக இருக்கட்டும் என்று ஒரு துளையைப் பலவாக்கித் தரும் மலிவான யுஎஸ்பி ஹப் ஒன்றில் செருகியிருந்தேன். இந்த வகை ஸ்கேனருக்குத் தனி அடாப்டர் கிடையாது, மோட்டார், விளக்கு எல்லாவற்றுக்கும் யுஎஸ்பி வயரில் வரும் மின்சாரம்தான். யுஎஸ்பி 2 துளை ஒன்று 500 மில்லிஆம்பியர் வரை தரும். ஆனால் சொந்த மின்சாரம் இல்லாத ஹப் கணினியிடமிருந்து வாங்கியதைப் பங்கிட்டுத்தான் கொடுக்க முடியும், விதிப்படி துளைக்கு 100 மில்லிஆம்பியர்தான் உறுதி. ஹப்பை ஒதுக்கிவிட்டுக் கணினியின் பின்புறத் துளையில் நேராக மாட்டினேன். அதன் பிறகு ஒரு பக்கம்கூட நிற்கவில்லை.

இனி ஸ்கேன் செய்த விதம். நிரலில் 'எழுத்து' என்ற தேர்வை வைத்தபோது பென்சிலில் எழுதிய ஓரக் குறிப்புகள் மறைந்துபோயின. அந்தத் தேர்வு குறைந்த நுணுக்கத்தில், சாம்பல் சாயல்களையும் சுருக்கி எடுக்கிறது. 'ஒளிப்படம்' என்ற தேர்வுக்கு மாற்றி, அங்குலத்துக்கு 300 புள்ளி வைத்தோம். ஏ4 தாள் ஒன்றுக்கு 2480-க்கு 3508, அதாவது சுமார் 87 லட்சம் புள்ளிகள். 600 வைத்தால் இது நான்கு மடங்காகும், நேரமும் கூடும், கையெழுத்துக்கு அவ்வளவு தேவைப்படவில்லை. மை ஊறிய பக்கங்களை மட்டும் வண்ணத்தில் எடுத்தோம். நீல மைக்கும் பழுப்புக் கறைக்கும் உள்ள வேறுபாடு சாம்பலில் போய்விடுகிறது, வண்ணத்தில் பிரித்துப் படிக்க முடிகிறது.

இந்த ஸ்கேனரின் ஓர் எல்லையையும் சொல்லிவிடுகிறேன். இதில் உணரி கண்ணாடியை ஒட்டியே நகர்கிறது, அதனால்தான் பெட்டி இவ்வளவு மெலிசு. தாள் கண்ணாடியில் படிந்திருந்தால் எழுத்து கூர்மையாக வரும், சற்று தூக்கியிருந்தாலும் மங்கிவிடும். தைத்த குறிப்பேட்டில் தையலை ஒட்டிய பகுதி எப்போதும் தூக்கித்தான் நிற்கும். நூலகர் அம்மா தம் கையால் நோட்டின் முதுகை அழுத்திப் பிடிக்க, நான் ஒவ்வொரு பக்கமாக எடுத்தேன். அப்படியும் சரியாக வராத பக்கங்களில் மங்கிய வரிகளைக் கையால் படித்து, தனித்தாளில் எழுதிச் சேர்த்திருக்கிறோம். எந்த நோட்டையும் பிரிக்கவில்லை. இதை மட்டும் நான் பெருமையாகவே சொல்வேன்.

அச்சிட்ட விழா அழைப்பிதழ்களையும் துண்டறிக்கைகளையும் எழுத்தாக மாற்ற டெசராக்ட் என்ற கட்டற்ற நிரலைப் பயன்படுத்தினோம். தமிழுக்கான தரவை அதில் தனியாக நிறுவ வேண்டும். அண்மைக்கால அச்சை ஓரளவு நன்றாகவே படித்தது. 1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முந்தைய தாள்களில் அது தடுமாறியது. பழைய கொம்பு போட்ட ணை, லை, னை போன்ற எழுத்துகளை வேறு எதுவாகவோ வாசித்தது. அந்தத் தாள்களை உறுப்பினர்கள் நால்வர் பங்கு போட்டுத் திருத்தி வருகிறார்கள். கையெழுத்துப் பக்கங்களில் அதை நம்பி இறங்கவே இல்லை. அவற்றை நாம்தான் படிக்க வேண்டும்.

மற்ற இரண்டு ஸ்கேனர்கள் பற்றிச் சுருக்கமாக. ஓர் உறுப்பினர் வீட்டில் இருப்பது அச்சும் ஸ்கேனும் சேர்ந்த புதிய கருவி. ஏர்ஸ்கேன் என்ற பொதுவான பேக்எண்டும் ஐபிபி-யுஎஸ்பி என்ற துணைநிரலும் இருந்ததும் அது தனி டிரைவர் எதுவும் கேட்காமலே ஓடியது. இன்னொன்று மிகப் பழையது, ஸ்னாப்ஸ்கேன் பேக்எண்டைச் சேர்ந்தது. யுஎஸ்பி பட்டியலில் தெரிந்தது, அனுமதியும் சரி, ஆனாலும் ஓடவில்லை. அந்த வகைக்கு ஒவ்வொரு முறை மின்சாரம் வரும்போதும் கணினியிலிருந்து ஃபர்ம்வேர் கோப்பு ஒன்று, அதாவது ஸ்கேனரை உள்ளிருந்து இயக்கும் நிரல், உள்ளே ஏற்றப்பட வேண்டும். கோப்பு பழைய நிறுவல் குறுந்தட்டில் இருந்தது. அந்தத் தட்டை அவர் வீட்டார் பழைய இனிப்புப் பெட்டி ஒன்றில் பத்திரமாக வைத்திருந்தார்கள், அவர்களுக்கு வட்டத்தின் நன்றி. கோப்பை எடுத்து வைத்து, அது இருக்கும் இடத்தை சேனின் அமைப்புக் கோப்பில் எழுதியதும் ஸ்கேனர் எழுந்துவிட்டது. இப்போது அதில்தான் ஒளிப்படங்களை எடுக்கிறோம்.

படங்களை டிஃப் வடிவில் அப்படியே வைத்திருக்கிறோம், படிப்பதற்கு பிடிஎஃப் தனியாக. கோப்பின் பெயர் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தொடங்குவதால் தானாகவே கால வரிசையில் நிற்கிறது. இரண்டு வன்தட்டுகளில் நகல் உண்டு, ஒன்று என் வீட்டில், மற்றொன்று தலைவர் வீட்டில். மேலே சொன்ன படிகளையெல்லாம் தம்பி தமிழில் ஒரு நோட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார். அது நூலக மேசையில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம்.

கரையான் தின்ற இரண்டு குறிப்பேடுகளில் ஓரங்கள் போனது போனதுதான். அந்தக் காலத்துக் கூட்டங்களின் அழைப்பிதழோ கடிதமோ புகைப்படமோ உங்கள் வீட்டுப் பரணில் இருக்கலாம். தயவுசெய்து தேடிப் பாருங்கள். கொடுத்துவிட்டுப் போக வேண்டாம், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போதே எடுத்துக்கொண்டு கையோடு திருப்பித் தந்துவிடுவோம். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் என் வீட்டில் ஸ்கேனர் தயாராக இருக்கும். பின்னறைச் சுவரைச் செப்பனிட நூலகத் துறைக்கு எழுதும் கடிதத்துக்கும், மர அலமாரிக்குப் பதில் இரும்பு பீரோ வாங்கும் தீர்மானத்துக்கும் இந்தப் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன்.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்